நிற்பதற்கு ஒரு ஷூ

கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பார்கள். என் சித்திக்கு அது குதிகாலில் இருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடியைத் தரையில் வைக்கும்போது அவள் போடுகிற சத்தத்தில்தான் எங்கள் வீடு விழிக்கும். "ஐயோ" என்று தொடங்கி, பிஸ்கட் கம்பெனியை, அதன் முதலாளியை, அவரைப் பெற்றவர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டி முடிக்கும்போது சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பாள். அதற்குள் வலி கொஞ்சம் மட்டுப்படும். திட்டும் மட்டுப்படும்.

"நம்ம வீட்டுக்கு அலாரம் தேவையில்லை," என்பார் பள்ளி வேன் ஓட்டும் என் சித்தப்பா, போர்வைக்குள்ளிருந்தே.

"ஒரு நாள் என் கால வாங்கிக்கிட்டு உங்க கால எனக்குக் குடுங்க. அப்புறம் பேசுங்க."

"என் காலால பிரேக் அமுக்கணும் தாயே. பிள்ளைங்க உசுரு."

கம்பெனியில் அவளை எல்லோரும் 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் சைரன் அடிப்பதற்கு முன்னால் இவள் குரல் கேட்டுவிடும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, "சும்மா இருந்து சுவத்தப் பாக்காத, வா," என்று அதே பெல்ட்டில் என்னையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஆகவே நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பெல்ட் என்பது ஓவனிலிருந்து உறைபோடும் மெஷின் வரைக்கும் நீளமாக ஊர்ந்துகொண்டே இருக்கும் பட்டை. அதன் இரண்டு பக்கமும் நாங்கள் நிற்போம். உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எறிய வேண்டும். கோணலாக வருவதை நேராக்க வேண்டும். வரிசை தப்பினால் மெஷின் சிக்கிக்கொள்ளும். நடுவில் கால் ஆற ஒரு சிறு இடைவேளை விடுவார்கள். பார்ப்பவர்களுக்குக் கைதான் வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போனதும் கையை யாரும் பிடித்துவிடச் சொல்வதில்லை. காலைத்தான் சொல்கிறார்கள்.

சித்தி கல்யாணமாகி வந்த வருடமே அங்கே சேர்ந்தவள். வயிற்றில் பிள்ளையோடும் அதே இடத்தில்தான் நின்றாள். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருக்கும். எத்தனை பேர் நின்று தேய்த்த தரையோ தெரியாது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். தரையே தேய்ந்தால் கால் என்ன ஆகும் என்று ஏன் யாரும் யோசிக்கவில்லை?

இனி ஷூ விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் எங்கள் உடை மாற்றும் அறை புரிய வேண்டும்.

அந்த அறையின் நடுவில் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புப் பெஞ்சு ஓடுகிறது. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் வெளி, அந்தப் பக்கம் உள். வெளியே போட்டு வந்த செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அங்கே ராக்கில் இருக்கும் வெள்ளை ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு எழ வேண்டும். திரும்பி வரும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். வெளிச் செருப்பு உள்ளே வரக் கூடாது. உள் ஷூ வெளித் தரையில் படக் கூடாது. ஒருமுறை பட்டால் அது வெளி ஷூ, பிறகு ராக்குக்குத் திரும்பாது. தின்னும் பொருள் செய்கிற இடம், தெருத் தூசி வரக் கூடாது என்பது நியாயம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ராக்கில்தான். அங்கே ஷூக்கள் நம்பர் வாரியாக இருக்கும், ஆள் வாரியாக இல்லை. ஐந்தாம் நம்பர் கால் என்றால் ஐந்தில் எது கிடைக்கிறதோ அது. முதலில் வருகிறவளுக்குக் கொஞ்சம் நல்லது, கடைசியில் வருகிறவளுக்கு வாயைப் பிளந்தது. காலை ஷிஃப்ட்டில் நாங்கள் கழற்றி வைப்பதை மதிய ஷிஃப்ட் உடனே மாட்டிக்கொள்ளும். இன்னொருத்தி காலின் சூடும் ஈரமும் அதில் அப்படியே இருக்கும். உள்ளே விரலை வைத்தால் யாரோ ஒருத்தியின் விரல் பதிந்த குழியில் போய் உட்காரும்.

ராக்குக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மேனேஜர், சூப்பர்வைசர், இன்னும் சில அதிகாரிகளின் ஷூக்கள் அதில் ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு என்று சாமி படம்போல் இருக்கும். அதற்கு மேலே சுவரில் எழுதியிருக்கிறார்கள்: 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.'

கம்பெனி ஷூவின் அடிப்பாகம் வெறும் அட்டை மாதிரி. ஓவன் பக்கத்துச் சூட்டில் பசை இளகி முன்பக்கம் பிரிந்துவிடும். சித்தியின் கால் முன்னால் அகலம், குதி ஒடுக்கம். எந்த ஷூவும் அவளுக்கு முன்னால் கடிக்கும், பின்னால் கழன்றுவிடும். டாக்டரிடம் போனாள். அவர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நிக்கறதக் குறைங்க," என்றார்.

"அப்போ சம்பளத்தையும் குறைப்பாங்க டாக்டர்."

"சரி, நல்ல ஷூவாவது போடுங்க," என்றார். மாத்திரை எழுதினார். அவ்வளவுதான்.

ஒரு நாள் வலி தாங்காமல் சித்தி பெல்ட்டின் இரும்புத் தூணில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்றாள். கை நிற்கவில்லை, பிஸ்கட் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வந்துவிட்டார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவருக்கு 'விசில்' என்றே பெயர்.

"என்னம்மா, டான்ஸா?"

"கால் வலி சார்."

"நிக்க முடியலன்னா சொல்லிடு. உன் இடத்துல நிக்கறதுக்கு கேட்டுக்கு வெளிய வரிசையா நிக்கறாங்க. இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன், கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்."

சித்தி காலைக் கீழே வைத்தாள். அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. சைரன் பேசாமல் இருந்தால் பெல்ட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் சொன்னாள்: "நல்ல ஷூ ஒண்ணு வேணும்டி. இல்லன்னா இந்த வேலை போயிடும்."

நாங்கள் தேட ஆரம்பித்தோம். ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கடைக்குப் போவாள். அப்போதுதான் கால் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ வேண்டும் என்பாள். முதல் கடையில் ஒரு பையன் பளபளவென்று ரோஸ் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"லேடீஸ் வாக்கிங் ஷூ மேடம். பஞ்சு மாதிரி இருக்கும்."

"நடக்கறதுக்கு இல்ல தம்பி. நிக்கறதுக்கு வேணும்."

பையன் என்னைப் பார்த்தான். "நிக்கறதுக்குன்னு தனியா வராது மேடம். வாக்கிங் இருக்கு, ரன்னிங் இருக்கு, பார்ட்டி இருக்கு."

"ஓடறவனுக்கு இருக்கு, ஆடறவனுக்கு இருக்கு, நிக்கறவளுக்கு இல்லையா?"

இன்னொரு கடையில் முதலாளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, உட்கார்ந்து போட்டுப் பாருங்க," என்றார். உட்கார்ந்துகொண்டு போட்டால் எல்லா ஷூவும் நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சித்தி ஷூவை மாட்டிக்கொண்டு கடை நடுவில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஆட்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது.

"பிடிச்சிருக்காம்மா?"

"இன்னும் தெரியலங்க. எங்க ஷிஃப்ட்டு இதைவிட நீளம்."

கடைசியில் அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. சித்திக்கு இல்லை. ஷூவைக் கழற்றி, குதிப் பக்கம் பெருவிரலால் அமுக்கிக் காட்டினாள். அது அமுங்கியது, எழும்பவில்லை. "இப்பவே படுத்துடுச்சு. நாளைக்கு என்ன பண்ணும்?"

இப்படிப் பல கடை. கறுப்பாக இருக்கும், எங்களுக்கு வெள்ளைதான் ஆகும். கயிறு இருக்கும், எங்களுக்குக் கயிறு ஆகாது, அவிழ்ந்து எதிலாவது விழும் என்பார்கள். மேலே காற்று போக ஓட்டை இருக்கும், ஓட்டையும் ஆகாது. எல்லாம் சரியாக இருந்தால் அடியில் வெறும் பசை, தையல் இல்லை. யாருக்காக இவற்றைச் செய்கிறார்கள்? உலகத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார்கள். ஆனால் கடை முழுக்க ஓடுகிறவர்களின் படம்தான்.

கடைசியில் அது கிடைத்தது ஷூக் கடையில் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டல் சமையலறைக்கும் சாமான் விற்கிற ஒரு கடை. கோட்டுகளுக்கும் கையுறைப் பெட்டிகளுக்கும் நடுவில், மேல் தட்டில், தூசி படிந்த ஒரு பெட்டி. ஆபரேஷன் செய்கிற டாக்டர்களுக்காம். வெள்ளை, கயிறு இல்லை, கழுவலாம், முன்னால் வாத்து மூக்கு மாதிரி அகலம். சித்தி மாட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரோ கீழருந்து தாங்கற மாதிரி இருக்குடி," என்றாள். விலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மேனேஜரிடம் அனுமதி கேட்டாள். பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்தால் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உள்ளே வந்தது உள்ளேயே இருக்க வேண்டும், தினமும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றார். சித்தி சரி என்றாள். அவர் சொன்னதில் பாதியைத்தான் அவள் கேட்டாள் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. உள்ளே இருக்க வேண்டும் என்றால் எங்கே? ராக்கில். ராக்கில் இருந்தால் யாருக்கு? அதை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுத்த லாக்கர் பை வைக்க மட்டும்தான், அதில் ஷூ வைக்கக் கூடாது.

முதல் சில நாட்கள் அவளைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பெல்ட்டில் பாட்டு முணுமுணுத்தாள். விசில் அந்தப் பக்கம் போனபோது இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நேராக நின்று, "நல்லா நிக்கறனா சார்?" என்று கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

பிறகு ஒரு காலையில் ராக்கிலிருந்து ஷூவை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிப் பக்கம் மடங்கி நசுங்கியிருந்தது. யாரோ உள்ளே முழுதாகக் காலை விடாமல், பின்பக்கத்தை மிதித்து, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

"எவடி அவ?" என்று சித்தி கத்தியது ஓவன் வரைக்கும் கேட்டிருக்கும்.

நசுங்கியதைக் கையால் நிமிர்த்தினாள். ஷிஃப்ட் முடிந்ததும் உள்ளே மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்தாள்: 'இது என் சொந்த ஷூ. தொட்டால் கை இருக்காது.'

மறுநாள் அதற்குக் கீழேயே வேறு கையெழுத்தில் இருந்தது: 'கையால யாரு போட்டா? கால்தானே போட்டேன்.'

பெல்ட்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. அடுத்த நாள் இரண்டு ஷூவையும் சேர்த்துத் தலைமுடி ரப்பரால் இறுக்கிக் கட்டி வைத்தாள். காலையில் ஷூ நசுங்கிக் கிடந்தது, ரப்பர் மட்டும் அழகாகச் சுற்றி உள்ளே வைக்கப்பட்டிருந்தது. ராக்கின் கடைசித் தட்டில், கிழிசல்களுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தாள். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். விசிலிடம் முறையிட்டாள். "ராக்குல இருக்கறது கம்பெனி ஷூம்மா, யார் வேணாலும் போடலாம். உன்ன யாரு சொந்தமா வாங்கச் சொன்னது?" என்றார்.

குதி நசுங்க நசுங்க அந்த ஷூ அவள் காலைத் தாங்குவதை விட்டுக்கொண்டே வந்தது. வலி திரும்ப வந்தது. ஒரு நாள் அவள் மறுபடி தூணில் சாய்வதைப் பார்த்து நான் இடித்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள், கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது கம்பெனிக்காரர்கள் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை, அந்த மதிய ஷிஃப்ட்டுக்காரி மேல்தான் வந்தது. எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது கம்பெனிக்கு!

மறுநாள் ஷிஃப்ட் முடிந்த பிறகும் சித்தி ஷூவைக் கழற்றவில்லை. பெஞ்சுக்கு உள்பக்கம், காலில் ஷூவோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கேக்கட்டும். எவ கேக்கறான்னு பாக்கறேன்." வெளிப்பக்கம் மதிய ஷிஃப்ட் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. வெளியே மழை, அந்தப் பக்கத் தரை முழுக்கச் சேற்றுத் தடம்.

உயரமான ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து காலைத் திருப்பினாள். ராக்கைப் பார்த்தாள். பிறகு சித்தியின் காலைப் பார்த்தாள்.

"அக்கா, அதக் கழட்டுனீங்கன்னா நான் போட்டுக்குவேன்."

"ஓ. நீதானா அந்தப் புண்ணியவதி?"

"நான்தான். ரப்பர் கிடைச்சுதா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "குதிய மிதிச்சுக் கொன்னுட்டியேடி படுபாவி! உள்ள போகலன்னா விட வேண்டியதுதானே? அது என்ன காலா, படகா?"

"படகுதான் அக்கா. எட்டாம் நம்பர். ராக்குல எட்டு ஒரே ஒரு ஜோடி, அதுவும் வாயப் பொளந்துகிட்டு கெடக்கு. மத்தது எத போட்டாலும் விரல் மடங்கிடும். உங்களுது ஒண்ணுதான் முன்னாடி அகலம். பின்னாடி பத்தல, மிதிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

காலைத் தூக்கிக் காட்டினாள். பெருவிரல் நகம் கறுத்து, பாதி கழன்றிருந்தது. பக்கத்து விரல்களில் காய்ப்பு.

சித்தி அதைக் குனிந்து பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சொன்னியா விசில்கிட்ட?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய காலுன்னு கேட்டாரு."

சிலர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து விசிலை ஊதிக்கொண்டே அவரே வந்தார்.

"என்ன இங்க மாநாடு? ஏம்மா, ஷிஃப்ட் முடிஞ்சுதில்ல? கழட்டிக் குடு, அவ உள்ள போகணும்."

"இது என் காசுல வாங்குன ஷூ சார்."

"உள்ள வந்தா கம்பெனி ஷூ. எத்தன வாட்டி சொல்றது? ராக்கு எல்லாருக்கும் பொது."

"அப்போ அந்தக் கண்ணாடி அலமாரி?"

"அது ஆபீசர்ஸ்."

"ஏன், அவங்க காலு மட்டும் கண்ணாடியா சார்? தொட்டா உடைஞ்சிடுமா?"

"வாய் ரொம்ப நீளுது. இப்போ கழட்டறியா, இல்ல நாளைலருந்து வீட்லயே இருக்கியா?"

சித்தி பெஞ்சில் உட்கார்ந்தாள். கழற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டு காலையும் ஷூவோடு தூக்கி, அப்படியே சுழற்றி, வெளிப்பக்கத்துச் சேற்றில் 'தொப்'பென்று வைத்தாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ஏதோ குழந்தையைக் கீழே போட்டுவிட்ட மாதிரி.

"ஐயையோ, என்னம்மா பண்ற! அது வெளிப்பக்கம்!"

"தெரியும் சார். இனிமே இது வெளி ஷூ. ராக்குக்கு வராது. உங்க சட்டம்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைப் பார்த்தேன். இனி யாரும் அந்த ஷூவை மிதிக்க முடியாது. ஆனால் அவளும் அதைப் போட்டுக்கொண்டு பெல்ட்டில் நிற்க முடியாது. எதற்காக வாங்கினாளோ அதற்கே அது இனி ஆகாது. கோபத்தில் தன் காலைத் தானே வெட்டிக்கொண்ட கதைதான்.

அப்போது எங்கள் பெல்ட்டில் சித்திக்கு எதிரே நிற்கும் கண்ணாடி போட்ட அக்கா, வாயே திறக்காதவள், பெஞ்சில் உட்கார்ந்தாள். காலில் கம்பெனி ஷூ. "எனக்கும் வீட்டுக்குப் போகணும்," என்று சொல்லிக்கொண்டே காலைத் திருப்பி வெளியே வைத்தாள். அடுத்து நான். யோசிக்கவில்லை. சேற்றில் ஷூ வழுக்கியபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வரிசையாக எல்லோரும். பெஞ்சு முழுக்கக் கால்கள் திரும்பின. வெள்ளை ஷூக்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கின.

"நிறுத்துங்க! ஏய், நிறுத்துங்கன்னா!" விசில் ஓடிவந்தார். எங்களைத் தடுக்கிற வேகத்தில் பெஞ்சைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்துவிட்டார். பெயர்ச்சீட்டு போட்டு வைத்திருந்த அவருடைய ஷூவும் கணுக்கால் வரைக்கும் சேறானது.

"சார், நீங்களும் வெளிய வந்துட்டீங்க," என்றாள் அந்த எட்டாம் நம்பர் நெட்டை.

ராக்கில் மிச்சம் இருந்தது வாய் பிளந்த சில ஜோடிகள்தான். மதிய ஷிஃப்ட்டுக்கு ஷூ இல்லை. ஷூ இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம்தான். நெட்டை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எட்டாம் நம்பர் வந்தா எழுப்புங்க," என்றாள்.

மேனேஜர் வந்தார். முதலில் மிரட்டினார். எல்லோரையும் வேலையை விட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார். சித்தி எழுந்து நின்றாள், மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். பிறகு கெஞ்சாத குறையாகப் பேசினார். உள்ளே பிசைந்த மாவு இறுகிக்கொண்டிருந்தது. ஓவன் சும்மா எரிந்துகொண்டிருந்தது. எங்கள் காலைப் பார்த்து அவர் மனம் இளகியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாவைப் பார்த்துத்தான் இளகியது.

"இப்போ என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஆளுக்கு ஒரு ஜோடி. அவங்கவங்க கால் அளவுக்கு. பேர் போட்டுத் தனித்தனி இடம்," என்றாள் சித்தி.

"பார்க்கலாம். எழுதிக் குடுங்க."

"எழுதறதுக்கு என்ன இருக்கு? பாதிப் பேரு வெறுங்காலோடதானே நிக்கறாங்க. இப்பவே அளந்துக்கோங்க."

அளந்தார்கள். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் மேல் ஒவ்வொருவராக ஏறி நிற்க, பேனாவால் காலைச் சுற்றி வரைந்தார்கள். ஆள் அனுப்பி அன்றைக்கு மதிய ஷிஃப்ட்டுக்கு மட்டும் அவசரமாக வாங்கிவந்தார்கள். எங்களுக்கு மறுநாள் என்றார் மேனேஜர். பிறகு சித்தியின் காலைப் பார்த்து, "ஆனா உங்க ஷூ உள்ள வராது. வெளித் தரையில பட்டுடுச்சு. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்.

சித்தி கையை நீட்டிக் காட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் சாமான் ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று முற்றத்திலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் சக்கரத்தை இறக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, மேலே ஏற்றினார்கள். தினமும் நடப்பதுதான். நாங்கள் தினமும் பார்ப்பதுதான்.

"அது எங்கருந்து சார் வருது? வானத்துலருந்தா?"

"அது சக்கரம்மா."

"சக்கரத்துக்கு வலிக்காது சார். அதையே குளிப்பாட்டி உள்ள விடறீங்க. என் காலுக்கு மட்டும் தீட்டா?"

மேனேஜர் கூடவே வந்திருந்த சுத்தம் பார்க்கும் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "அதே தண்ணியில ஊறவச்சுக் கழுவினா போதும் சார்," என்றார். சித்தி ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தொட்டிக்குப் போனாள். மழையில் நனைந்துகொண்டே தேய்த்தாள். உள்ளே எழுதியிருந்த அவளுடைய வரியும் நெட்டையின் வரியும் தேய்த்தும் போகவில்லை.

இப்போது அவரவர் ஷூ அவரவர் தட்டில் இருக்கிறது. நெட்டைக்கு அளந்து பார்த்ததில் எட்டு இல்லை, ஒன்பது. இத்தனை நாள் தன் காலையே தான் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்களுக்கு வந்தது பழைய மாதிரியே அட்டை ஷூதான், அளவும் பெயர்ச்சீட்டும் மட்டும் புதுசு. சித்தியின் குதிகால் வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் நிற்கிறாள். வேலை போகவில்லை. இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஊழியர் அனைவருக்கும் தனித்தனிக் காலணி வழங்கப்பட்டுவிட்டதால், நடுவில் கால் ஆறுவதற்காக விடப்பட்டு வந்த சிறு இடைவேளை இனித் தேவையில்லை என்று நிர்வாகம் கருதுகிறது. கீழே மேனேஜரின் கையெழுத்து.

நான் சத்தமாகப் படித்தேன். கண்ணாடி அக்கா, "நல்லது கேட்டா இப்படித்தான்," என்றாள். இன்னொருத்தி, "பேசாம பழைய ஷூவோடவே இருந்திருக்கலாம்," என்றாள். அதைக் கேட்டதும் சித்தி திரும்பினாள்.

"அதத்தான் அவங்க நினைக்கச் சொல்றாங்க. நினைச்சுக்கோ."

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"நிக்கறதுக்கு ஷூ கேட்டோம், அது நம்ம தப்பு. அந்த மெஷின் ஓட்டறவன் உட்கார்ந்துகிட்டுத்தானே பட்டன் அமுக்கறான்? நாம மட்டும் ஏன்டி நிக்கணும்? பிஸ்கட் என்ன தேசிய கீதமா?"

விசில் வந்து பார்த்தார். ஒன்றும் ஊதாமல் போனார்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் சித்தி ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்தாள், காலைத் திருப்பி வெளிப்பக்கம் செருப்பை மாட்டினாள். ஆனால் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "வா போகலாம் சித்தி," என்றேன். "நீ போ. அந்த நெட்டை வரட்டும்," என்று பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டாள். நானும் போகவில்லை.